பெயருக்கு நேரே

இரண்டாம் புதன்.
முன்பள்ளிக்குப் பின்னால் நிற்கும் வேம்பில் தராசைக் கட்டுகிறேன்.
துணிக் காற்சட்டைக்குள் காலை நுழைத்துத் தொங்கவிட்டால்
எந்தப் பிள்ளையும் ஒரு நொடி திகைக்கும்,
பிறகு வெல்லாவெளிச் சந்திக்கே கேட்க அலறும்.
முள் நடுங்கி ஓயும்வரை
நானும் மூச்சு விடுவதில்லை,
பதினேழு வருடமாக.

ஒன்பது கிலோ இருநூறு.
யசோதினியின் இளையவள்.
போன மாதமும் இதுதான், அதற்கு முந்தியும்.
அட்டையில் புள்ளி வைக்கிறேன்.
கோடு ஏறாமல் படுத்துக் கிடக்கிறது
காற்றில்லா நாளின் வாவிபோல.

"திரிபோஷா குடுக்கிறதா?"
"ஓம் மிஸ்."
"இவளுக்கு மட்டுமா?"
அவள் வேம்பைப் பார்க்கிறாள்.
நாலு வாய், ஒரு பைக்கற்.
அதை எழுத அட்டையில் கட்டமில்லை.

பின்னேரம் பல்நோக்கு மண்டபத்தில் கூட்டம்.
கிராம சேவகர், சமுர்த்தி உத்தியோகத்தர், அதிபர், நான்,
கதிரை போதாமல் சுவரோரம் தாய்மார்.
சுவரில் ஊர்ப்படம், வீட்டுக்கொரு புள்ளி.
பச்சை என்றால் சுகம், மஞ்சள் என்றால் கவனம்,
சிவப்பு என்றால் உடனே போகவேணும்.
சிவப்புப் பேனைதான் முதலில் முடிந்தது.

அப்போது எழும்பினாள் தரம் பத்து நிதுர்ஷிகா.
"சிறுவர் கழகத்தால நாங்களும் எழுதின நாங்க சேர்."
சதுரக்கோட்டுக் கணக்குக் கொப்பி.
பெயர்கள், பள்ளிக்கு வராத நாட்கள்.
பக்கத்தில், எங்கள் எவருக்கும் தோன்றாத ஒரு நிரல்:
முதல்நாள் ராவு யானை வந்ததா?

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவருடைய இடாப்பில் அது 'வரவு ஒழுங்கில்லை'.
இவளுடைய கொப்பியில் பத்தொன்பது பிள்ளைகள்
ஒரே காலைகளில் ஒன்றாய்க் காணாமல் போகிறார்கள்,
எல்லாரும் குளக்கட்டுக்கு அந்தப் பக்கம்,
மின்வேலி அறுந்து கிடக்கிற பக்கம்.

வேலிக்குக் கடிதம் போட்டாயிற்று என்றார் ஒருவர்.
போட்டு மூன்று வருடம் என்றாள் ஒருத்தி.
மண்டபத் திறப்பு வாங்க வந்து
வாசலில் நின்ற பேரின்பம் அண்ணன் சொன்னார்:
"என்ட மெசின் விடிய ஆறரைக்கு அதாலதானே வருது.
பெட்டியில ஏறட்டும்."
அவ்வளவுதான் தீர்மானம்.
கூட்ட அறிக்கையில் ஒன்றரை வரி.

தை போயிற்று, மாசி போயிற்று.
பெட்டி நிறைய வெள்ளைச் சட்டைகள்,
சேறும் டீசலும் வைக்கோலும் ஒட்டிக்கொண்டு.
கொப்பியில் புள்ளடிகள் குறைய
ஊர்ப்படத்தில் சில புள்ளிகளுக்கு மேல்
வேறு நிறத்தில் கடதாசி ஒட்டினோம்.
யசோதினி வீட்டுக்கு யாரோ தாரா முட்டை கொடுக்கிறார்கள்;
யார் என்று நான் கேட்கவில்லை.
ஒன்பது கிலோ ஐந்நூறு.
முந்நூறு கிராம் என்பது
மூன்று பெரிய வெங்காயம்.
அன்றைக்கு ஸ்கூட்டரில் பாட்டு முணுமுணுத்தபடி வீடு வந்தேன்.

ஆனால் கேதுஜன்.
மெசின் அவன் படலையிலும் நின்றது.
இரண்டுதரம் ஹோன் அடித்துவிட்டுப் போனது.
தாய் குவைத்தில்.
அவன் இரவில் லொறிக்கு மண் ஏற்றுகிறான்,
பகலில் தூங்குகிறான், பதினைந்து வயது.
நான்தான் அவனுக்கு முதல் ஊசி போட்டது.
பழைய அட்டையை அலுமாரிக்குள் தேடி எடுத்தேன்:
பிறந்ததிலிருந்து ஐந்து வயதுவரை
பச்சைக்குள்ளேயே ஏறிப்போகும் கோடு.
வகுப்பெடுக்க நான் உதாரணமாய்க் காட்டிய அட்டை.

"இவனுக்கு என்ன நிறம் மிஸ்?"
என்னிடம் பதில் இல்லை.
அவளும் காத்திருக்கவில்லை.
உயரம் பார்க்கும் பலகையை மேசையில் கிடத்தி
அதன் ஓரத்தைப் பிடித்து
பங்குனிக்குக் கோடு கீறினாள்,
அவன் பெயரையும் எழுதினாள்.
பேனை மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:
"லொறி எத்தின மணிக்கு வரும்?
அதுக்கு முன்னம் போவமே."